சின்னஞ்சிறு உறை

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறையை ஒருநாள் தூய்மை செய்தபோது, சன்னல் விளிம்பிலும் நீர் வெளியேறும் துவாரத்திலுமாகக் கிழித்தெறிந்த ஷாம்பு உறைகள் இருபதுக்கு மேல் கிடைத்தன. ஒரு தலைமுழுக்கிற்கு ஒன்று; அதன் பயன் சில நிமிடங்களே.

ஷாம்பு செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த காலத்தில், அதைச் சிற்றுறையிலிட்டு ஏழையும் வாங்கும்படி செய்ய முனைந்தவர்களுள் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மைந்தர் ஒருவர் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு அவ்வழியே சிற்றூர்களையும் எட்டியது. புட்டி வாங்க இயலாத கூலித் தொழிலாளிக்கு அது நன்மையே, மறுப்பதற்கில்லை.

ஆனால் அவ்வுறை ஒரே பொருளால் ஆனதன்று. பல பிளாஸ்டிக் ஏடுகளும், சிலவற்றில் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். பிரித்தெடுப்பது அரிது, ஆகவே பழைய பொருள் வாங்குவோர் அதை விரும்புவதில்லை. கால்வாயை அடைக்கிறது, அல்லது அருகிலுள்ள கொடுங்கையூர்க் குப்பைமேட்டைச் சேர்கிறது. அங்கே தீப்பற்றும்போது புகையைச் சுவாசிப்போரும் எளியவர்களே! மலிவாய்க் கிடைத்ததன் மீதி விலையையும் ஏழையே செலுத்துகிறான்.

பிளாஸ்டிக் உறைக் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது 2016ஆம் ஆண்டு விதிகள் சுமத்தியுள்ளன. ஒரு பொருளை வடிவமைக்கும்போதே அதன் முடிவையும் எண்ணுவது அவர்கள் கடமை. நம் கடமை யாது? புட்டி வாங்க வசதியிருந்தும் நாங்கள் உறையையே நாடினோம். சோம்பலன்றி வேறு காரணமில்லை.

இப்போது சீயக்காய் டப்பா மீண்டும் எங்கள் குளியலறைக்கு வந்துவிட்டது. மகள் முணுமுணுக்கிறாள். ஆயினும் துவாரம் அடைபடவில்லை. எங்கள் மனச்சான்றும் அவ்வாறே.