உண்டியல் மேசையில் ஒரு கேள்வி

 

போன ஞாயிறு கோயிலில் உண்டியல் எண்ணினோம். எண்ண உட்காருகிறவங்க எல்லாரும் கைப்பேசியைக் கூடையில் போடணும், அதுதான் நம்ம வழக்கம். ஒரு தொண்டர் தம்பி கேட்டான்: "அண்ணே, கமிட்டி ஆளுங்க மட்டும் போனை வச்சிருக்காங்களே, ஏன்?" யாரும் பதில் சொல்லலை. நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என் போனும் சட்டைப் பையில்தான் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரலை. பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது.

எங்க ஃபேக்டரியில் கஸ்டமர் கொடுக்கிற டிராயிங்கில் 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை இருக்கும். படம் எடுக்கக் கூடாது, வெளியே அனுப்பக் கூடாது. வாசலில் ஆப்பரேட்டருங்க போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் ஸ்டிக்கர் கிடையாது.

சில வருஷத்துக்கு முன்னால், பிறந்தநாள் அன்று ஒரு பையன் ஸ்டிக்கரைப் பிய்த்து லைனில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டான். பின்னால் டிராயிங் பாதி தெரிஞ்சது. விசாரணை வச்சாங்க. நான்தான் சாட்சி. வேலை போச்சு.

அதே மாசம் மேனேஜர் அவசரம்னு கேட்டார். முழு டிராயிங்கையும் என் சொந்தப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதை வெளியே ஒரு சப்ளையருக்கு அனுப்பினார். எங்களை ஒருத்தரும் கேட்கலை. விசாரணையில் நான் அதைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக் கடன், பிள்ளைங்க படிப்பு... வாயைத் திறக்கலை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் சி.ஐ.ஏ. தலைவராக இருந்த பெட்ரேயஸ், ரகசியக் குறிப்பு நோட்டுகளைத் தன் வாழ்க்கை வரலாறு எழுதிய பெண்ணிடம் கொடுத்தவர். 2015இல் அவருக்கு 100,000 டாலர் அபராதம், இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு; சிறை இல்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கைப்பேசியில் படம் எடுத்த கடற்படை ஆள் ஒருத்தருக்கு 2016இல் ஒரு வருஷம் சிறை. அவர் தடயத்தை அழித்தார், உண்மைதான். பெட்ரேயஸும் விசாரணையில் பொய் சொன்னவர்தான்.

ரகசியத்தைக் காக்கணும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பையன் செய்ததும் தப்புதான். ஆனா அதைவிடப் பெரிய தப்பைச் செய்த நான் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் அவனைப் பார்த்தேன். "வணக்கம்ணே, சாப்டீங்களா?" என்று சிரிச்சான். அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியலை. அவன்கிட்ட நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கணும். இன்னும் கேட்கலை. கேட்பேன்.

தலைவர்கிட்ட பேசிட்டேன். "சரிப்பா, என் போனும் கூடைக்குள்ளேதான்" என்றார். அடுத்த முறை எண்ணும்போது கூடையில் முதலில் விழுவது என் போன்தான். கேள்வி கேட்ட தம்பி, நீ கண்டிப்பா வரணும்.

முருகா சரணம்.