மங்கிய சூரியனும் திருவனந்தபுரத்து வானமும்

சூரியனின் ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள மெல்லிய வாயு அடுக்கான நிறமண்டலத்தை, ஹைட்ரஜன் உமிழும் 656.28 நானோமீட்டர் செந்நிற ஒளியில் காட்டும் தொலைநோக்கியைப் புதிதாக வாங்கியவர், அதில் வெறும் சிவப்பு வட்டத்தையே கண்டு மனம் தளர்வதுண்டு. ஆனால் கருவி பழுதென்று முடிவுகட்டுவது அவசரம். இணையான இரு கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே ஒளியை மீண்டும் மீண்டும் எதிரொளிக்கவிட்டு, நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பட்டையை மட்டும் கடத்தும் எட்டலான் என்னும் வடிகட்டி, காற்றழுத்தத்தாலோ சாய்வாலோ சற்றே இடம் தவறினாலும், பக்கத்து ஒளி புகுந்து நுணுக்கங்களை விழுங்கிவிடும். சீர்செய்யும் திருகை மயிரிழை அளவில் திருப்பித் திருப்பிப் பார்க்கையில், வட்டத்தின் குறுக்கே கருநூல்போல ஓர் இழை துலங்கும் கணம் பேரழகு.

கருவி சீரானாலும் வானமும் ஒத்துழைக்க வேண்டும். 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் வானாய்வகம் நிறுவிய திருவனந்தபுரத்தில், அரபிக்கடலின் ஈரக்காற்று ஒளியைச் சிதறடித்து வானத்தை வெளுக்கச் செய்கிறது. வெயில் ஏறினால் ஓட்டுக்கூரைகளும் தார்ச்சாலைகளும் கக்கும் வெப்பம் படிமத்தை நடுங்க வைக்கிறது. சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரக் கொடைக்கானலில் அமைந்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. சமவெளியில் இருப்பவருக்கு, மழை கழுவிய வானத்தின் காலைப்பொழுதும், புல்தரையும், பக்கவெளிச்சம் கண்ணில் படாதபடி தலைமேல் போர்த்திய கறுப்புத் துணியும் பெருந்துணை.