மூன்றாவதாக இறங்கிய வாஷிங்டன்

14 நவம்பர் 2025, வெள்ளி

ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுடன் முதல் டெஸ்ட். ஆடும் அணியில் சாய் சுதர்சன் பெயர் இல்லை என்றதும் எங்கள் தூத்துக்குடித் துறைமுகச் சாலை டீக்கடையில் ஒரே பேச்சு, அப்ப மூணாவது யாரு? பும்ரா 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்து அவர்களை 159-ல் சுருட்டினார். ஜெய்ஸ்வால் போல்டானதும் விடை தெரிந்துவிட்டது. மட்டையைச் சுழற்றிக்கொண்டு வாஷிங்டன் சுந்தர் வந்தார்.

கடையில் பாதிப் பேருக்கு நம்ப முடியவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது. 2017 டி.என்.பி.எல்.லில் டூட்டி பேட்ரியாட்ஸுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 459 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்தவர் அவர். அப்போது வயது பதினேழு. அதற்கு முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் அபினவ் முகுந்த், கௌஷிக் காந்தி, தினேஷ் கார்த்திக் மூவரும் விளாச 215 வந்தது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93-ல் சுருண்டது. முதல் டி.என்.பி.எல். கோப்பை தூத்துக்குடி பெயரில் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அந்த அணியை இந்த மண்ணில் பார்க்கும் பாக்கியம்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆட்டம் பார்க்க சங்கர் நகருக்கோ நத்தத்துக்கோ பஸ் ஏற வேண்டும். பிறகு அணியே சேலத்துக்குப் போய் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. வாஷிங்டன் சென்னைப் பையன்தான். ஆனால் அவர் ஆடும்போது எங்கள் ஊர்க்காரர் ஆடுவதாகவே நான் பார்க்கிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

தோற்றுவிட்டோம். இலக்கு வெறும் 124. கழுத்து வலியால் கில் இல்லை. ஜெய்ஸ்வால் 0, ராகுல் 1. ஒரு பந்து எழும்புகிறது, அடுத்தது கணுக்காலுக்குக் கீழே போகிறது. அந்தத் தரையில் வாஷிங்டன் 92 பந்து நின்றார். முன்காலை நீட்டி, மட்டையைத் தளர்வாகப் பிடித்து, பந்தைக் காலடியிலேயே சாகடித்தார். 31 ரன். அணி எடுத்ததே 93. அதில் அதிகம் அவருடையதுதான். முதல் இன்னிங்ஸில் எடுத்த 29-ஐயும் சேர்த்தால் மூன்றாம் இடத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

கோபம் வேறொன்றில். நான்கு ஸ்பின்னர்களை வைத்துக்கொண்டு முதல் இன்னிங்ஸில் வாஷிங்டனுக்கு ஒரே ஒரு ஓவர். போன ஆண்டு புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 59 ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்த கை அது. பேட்ஸ்மேனாகத்தான் எடுத்தீர்கள் என்றால் சரி, அதிலாவது நிலையாக நில்லுங்கள்.

24 நவம்பர், திங்கள்

நிற்கவில்லை. குவாஹாத்தியில் இரண்டாவது டெஸ்ட். சாய் திரும்பி வந்து மூன்றாவது, வாஷிங்டன் எட்டாவது. 95-க்கு ஒன்று என்று இருந்த அணி 122-க்கு ஏழு ஆனது. தென்னாப்பிரிக்காவின் யான்சன் உயரத்துக்கு முன் ஒவ்வொருவராகப் போனார்கள். அதன்பின் வாஷிங்டனும் குல்தீப்பும் 72 ரன் சேர்த்தார்கள். குல்தீப் 134 பந்து தாக்குப் பிடித்தார். வாஷிங்டன் 48.

ஜூலையில் மான்செஸ்டரில் ஐந்தாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 101. நவம்பரில் மூன்றாவது. பத்து நாளில் எட்டாவது. 2021-ல் அகமதாபாத்தில் 96-ல் நிற்கும்போது எதிர்முனையில் ஆளில்லாமல் போனதே, அன்றைக்கும் எட்டாவதுதான். இப்படி ஒரு பேட்ஸ்மேனை வீணடிக்கலாமா?

26 நவம்பர், புதன்

408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. தொடரும் போயிற்று.

சாயங்காலம் தெரேஸ்புரத்து மச்சான் வந்தார். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன கரையில் இன்னும் சங்கு குளிக்கிற ஆள். கடல் கலங்கிக் கிடப்பதால் வீட்டோடு இருக்கிறார்.

“ஒரு நாள் முங்கு, மறுநாள் படகுல நின்னு கயிறு பிடின்னா எவனுக்கு மாப்ள மூச்சு பழகும்?” என்றார். நான் சொல்ல நினைத்ததை அப்படியே சொல்கிறாரே என்று சந்தோஷப்படுவதற்குள், “அதே நியாயம் சாய்க்கும் உண்டுல்லா? அவனையும்தான உள்ள, வெளியன்னு ஆட்டுதாங்க” என்று கேட்டுவிட்டார்.

நல்ல கேள்வி. சாயும் நம்ம பையன்தான். இந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் 759 ரன் குவித்தவர். ஆனால் அவர் வளர்ந்தது தொடக்க ஆட்டக்காரராக. ராகுலுக்குப் பிறகு அந்த இடத்தை அவருக்குக் கொடுத்து, அதில் அசைக்காமல் வைக்க வேண்டும். பந்து திரும்பும் நம் ஊர்த் தரைகளில் மூன்றாம் இடம் வாஷிங்டனுக்கு: ஜெய்ஸ்வால், ராகுல், வாஷிங்டன், கில், பந்த், ஜடேஜா. ஒரு முழு சீசன் இந்த வரிசையைத் தொடக் கூடாது.

“அதுவரைக்கும் சாய் பெஞ்சிலயா?” என்று மச்சான் விடவில்லை. இரவுச் சாப்பாடு வரை வாதம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ராஞ்சியில் ஒருநாள் ஆட்டம். வாஷிங்டன் அணியில் இருக்கிறார். எத்தனையாவதாக இறக்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி பேசுவதாக முடிவு.