எண்ணைப் பார்க்காதே, துளையைப் பார்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் பிராசஸரைப் பற்றி விசாரிப்பார்கள். மெமரியைப் பற்றி விசாரிப்பார்கள். ஒலி எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் அபூர்வம். சத்தம் வந்தால் போதும்.

ஒரு காலத்தில் சத்தம் வருவதே பெரிய விஷயம். 1980களில் பெரும்பாலான பி.சி.க்களுக்குத் தெரிந்தது 'பீப்' ஒலி மட்டும்தான். சிங்கப்பூர்க்காரரான சிம் வோங் ஹூவின் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு பாட்டும் பேச்சும் வேண்டியவர்கள் தனியாகக் கார்டு வாங்கிச் செருகினார்கள். 1997-ல் இன்டெல் ஏ.சி.97 என்ற தர வரையறையை வெளியிட்டதும் ஒலி மதர்போர்டிலேயே குடியேறத் தொடங்கியது. 2007-ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்களின் ஒலி வேலையைக் கார்டின் சிப்பிடம் நேரடியாக ஒப்படைக்கும் பழைய வழியையும் அடைத்துவிட்டது. தனிக் கார்டு வாங்குவதற்கான காரணங்களில் பாதி அத்தோடு போயிற்று.

பிறகு நான் ஏன் போன வருடம் டெல்லி நேரு பிளேஸில் கடை கடையாக ஏறி இறங்கினேன்? அப்பாவின் குரலுக்காக.

மத்திய அரசு குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்தவர் அவர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. மகனின் கடிதத்தை அடுத்த வீட்டுக்காரர் படித்துக் காட்டுவதும் பிடிக்காது. ஆகவே 1983 முதல் அப்பா கேசட்டில் பேசி அனுப்பினார். பாட்டி அவற்றை ஒரு பிஸ்கெட் டின்னில் பத்திரப்படுத்தினார். மொத்தம் 11 கேசட்கள். அப்பா காலமாகி 20 வருடங்கள் ஆகின்றன. அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்த டின்தான்.

பழைய டேப்பில் காந்தத் துகள் உதிரும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் குரலும் அதோடு போகலாம். எனவே ஒவ்வொரு கேசட்டையும் ஒரே தடவை ஓட்டி, அதிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்பு ஒரு சினிமாப் பாட்டு கேசட்டை வைத்து ஒத்திகை பார்த்தேன்.

டேப்பை ஓட்டாமல் இணைப்பை மட்டும் கொடுத்து, மௌனத்தைப் பதிவு செய்து கேட்டேன். இரண்டு சத்தங்கள் இருந்தன. ஒன்று, 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அது. டெக்கோடு சேர்ந்த ஆம்பிளிஃபயரும் கம்ப்யூட்டரும் வேறு வேறு பிளக் பாயின்ட்களில் இருந்தன. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றியதும் அது அடங்கியது. செலவு இல்லை. இன்னொன்று, மவுஸை நகர்த்தும்போதெல்லாம் 'கிர்ர்' என்றது. அது கேபினெட்டுக்குள் இருக்கும் மின் இரைச்சல். போர்டை மாற்றியும் போகவில்லை. அதற்குத்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பையன் முதலில் காட்டியது விரல் நீள யு.எஸ்.பி. அடாப்டர். விலை சில நூறு ரூபாய். ஆனால் உள்ளே வரும் ஒலிக்கு அதில் இருந்தது மைக் துளை மட்டும். மைக்கிலிருந்து வருவது மிகச் சன்னமான மின்சைகை. அதைப் பல மடங்கு பெருக்குவதற்கென்றே அந்தத் துளை இருக்கிறது. டெக்கின் பலமான சைகையை அதில் கொடுத்தால் குரல் கரகரத்து உடையும். இத்தகைய அடாப்டர்கள் பலவற்றில் இடது, வலது இரண்டும் ஒன்றாகிவிடும். எனக்கு வேண்டியது லைன்-இன்.

"அங்கிள், அப்போது இதை எடுங்கள்" என்று இந்தியில் சொல்லியபடி பளபளப்பான பெட்டி ஒன்றை வைத்தான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டை முழுக்க எண்கள். ஆனால் மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். சி.டி.க்கான 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் அதற்குத் தாராளம். 16 பிட்டில் இரைச்சலுக்கும் ஒலிக்கும் சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். சாதாரண கேசட்டில் 60 டெசிபல் கிடைத்தாலே அதிர்ஷ்டம். ஆழாக்கு அரிசிக்கு அண்டா எதற்கு?

கடைசியில் வாங்கியது கேபினெட்டுக்கு வெளியே யு.எஸ்.பி. வயரில் தொங்கும் சின்னப் பெட்டி. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு லைன்-இன் துளைகள். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அந்தப் பளபளப்புக் கார்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். மவுஸ் சத்தம் காணாமல் போயிற்று.

ஏழாவது கேசட்டில் அப்பா, வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்கிறார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், தூரத்திலிருந்து அம்மாவின் கிசுகிசுப்பு: "காய்ச்சல்னு சொல்லாதீங்க, பயந்துடுவாங்க." காய்ச்சல் எனக்கா, தங்கைக்கா என்று தெரியவில்லை. அந்த 'கிர்ர்' இருந்திருந்தால் இந்த ஒரு வாக்கியம் அதற்குள் புதைந்திருக்கும்.

பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கேபினெட்டின் முன்பக்கத் துளையில் இரைச்சல் வந்தால், பின்பக்கப் பச்சைத் துளையில் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். அப்போதும் இரைந்தால், ஹெட்போனுக்கான சுமாரான யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் அதிகம் தெரிவது அங்கேதான். பழைய கார்டு மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள்: பி.சி.ஐ. ஸ்லாட்டுக்கான கார்டு, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும் உள்ள மதர்போர்டில் பொருந்தாது.

வீட்டில் பழைய கேசட் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கார்டு அடுத்த வருடமும் கடையில் கிடைக்கும்.