மாத்திரையை நிறுத்திடலாமா டீச்சர்?



இந்த ஒரு மாதத்தில் மட்டும் என்னிடம் படித்த மூன்று பேர் தனித்தனியாகப் போன் செய்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் வங்கியில் இருக்கிறார். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஒருத்திக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூவருக்கும் நாற்பதைத் தொட்டும் தொடாத வயசு. "தூக்கம் வரமாட்டேங்குது டீச்சர். நெஞ்சு படபடங்குது. பிரஷருக்கு மாத்திரை குடுத்துட்டாங்க. நீங்க தியானம் பண்றீங்களாமே, அதைப் பண்ணினா மாத்திரையை நிறுத்திடலாமா?" போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்.

முதலில் பதில். நிறுத்தக் கூடாது. நான் ஆறு வருடமாகத் தினமும் தியானத்தில் உட்காருகிறேன். அதே ஆறு வருடமாகத் தினமும் காலையில் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டுக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. ரத்த அழுத்தம் சத்தம் போடாமல் ஏறும். தலைவலி இருக்காது, மயக்கம் இருக்காது, "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். மனசு லேசாகிவிட்டது, அதனால் பிரஷரும் இறங்கியிருக்கும் என்பது ஆபத்தான கணக்கு. கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படியானால் தியானம் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குச் சுரப்பிகள் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தது போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேனே, அதுதான். தெருநாய் துரத்துகிறது என்று வையுங்கள். அட்ரினலின் பாயும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் போகும், வயிறு தன் வேலையைத் தள்ளி வைக்கும். ஓடி வந்து கேட்டைச் சாத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். நாய்க்காக உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கும், வட்டி கட்ட வேண்டிய தேதிக்கும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. அந்த நாய் துரத்துவதை நிறுத்துவதே இல்லை, சாத்துவதற்குக் கேட்டும் இல்லை. கார்டிசால் என்ற சுரப்பும் இறங்க வேண்டிய ராத்திரி நேரத்தில் சரியாக இறங்காமல் போகும்போது தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரிகிறது.

என்னைத் துரத்தியது ஒரு கேள்வி.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அத்தைக்கு மறதி நோய் என்று தெரிந்தது. என்னை அடையாளம் தெரியும், சாப்பாட்டு ருசி தெரியும். ஆனால், "கறவைக்காரன் வந்துட்டானா அம்மிணி?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் கடைசி மாட்டை விற்று இருபது வருடம் ஆகிறது. "இன்னும் வரலீங்க அத்தை" என்பேன். நாலு நிமிடம் கழித்து மறுபடியும் கறவைக்காரன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் 41 முறை. பிள்ளைகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவள்தான் நான், 34 வருடம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் மணி அடிப்பார்கள். இங்கே மணி அடிப்பவர் யாரும் இல்லை. ராத்திரியில் அத்தை கதவைத் திறந்துகொண்டு மாட்டுச் சாளைக்குக் கிளம்பிவிடுவார். சாளை இருந்த இடத்தில் இப்போது பக்கத்து வீட்டுக்காரர் கார் நிற்கிறது. பாதித் தூக்கத்தில் ஒரு காதைத் திறந்து வைத்தே ஒரு வருடம் போனது. அப்போதுதான் என் பிரஷர் 164/100 என்றார் டாக்டர்.

மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். தியானம் என்று அவர் சொல்லவில்லை. அது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சொன்னது. பக்கத்திலேயே மனவளக்கலை மன்றம் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களுக்கு ஆழியாறு அறிவுத் திருக்கோயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. வேதாத்திரி மகரிஷி 1911ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், குடும்பஸ்தர். உலக சமுதாய சேவா சங்கத்தை 1958ல் தொடங்கினார். 2006ல் காலமானார். வீடு வாசல், கடன் உடன், அடுப்படி என்று இருப்பவர்களை மனதில் வைத்தே பயிற்சிகளை அமைத்தார் என்பது எனக்குப் பிடித்தது. அங்கே போனால் முதல் நாளே கண்ணை மூடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று உடம்பைத்தான் முதலில் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆக்கினைத் தவம். புருவ மத்தியில் கவனத்தை வைக்கச் சொன்னார்கள். என் கவனம் அங்கே மூன்று விநாடி இருந்திருக்கும். அடுப்பை அணைத்தேனா? அத்தை கேட்டைத் திறந்திருப்பாரோ? பென்ஷன் புத்தகத்தை எங்கே வைத்தேன்? இப்படியே ஒரு வாரம். "எனக்கு மனசு ஒரு இடத்தில் நிக்கவே மாட்டேங்குது, எனக்கெல்லாம் தியானம் வராது" என்று நீங்கள் மூவரும் சொன்னீர்களே, அந்த வார்த்தைகளைத்தான் நானும் மன்றத்தில் சொன்னேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஜூன் மாதம், புதுப்பிள்ளைகள். "அ" எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே டிராக்டர் போனால் பாதி வகுப்பு ஜன்னலில் இருக்கும். அந்தப் பிள்ளையைக் கெட்டவன் என்றோ, படிப்பு வராதவன் என்றோ சொல்வோமா? கையைப் பிடித்துக் கூட்டி வந்து சிலேட்டின் முன்னால் உட்கார வைப்போம். மறுபடி டிராக்டர் போகும். மறுபடி கூட்டி வருவோம். ஜன்னலை ஆணி அடித்து மூடுவதில்லை, பிள்ளையைக் கட்டிப் போடுவதும் இல்லை. தை மாதத்துக்குள் அவனே ஒரு முறை ஜன்னலைப் பார்த்துவிட்டு, திரும்பிச் சிலேட்டைப் பார்ப்பான். தியானமும் இதுதான் என்று எனக்குப் புரிந்தது. மனசு ஓடுவதை எண்ணி வருத்தப்பட வேண்டாம். ஓடியது என்று தெரிந்து, திட்டாமல் கூட்டி வருகிறோமே, பயிற்சி அதுதான். பத்து நிமிடத்தில் நாற்பது முறை ஓடினால் நாற்பது முறை கூட்டி வந்திருக்கிறீர்கள்.

மூன்று மாதம் போல ஆகியிருக்கும். அத்தை கேட்டார், "கறவைக்காரன் வந்துட்டானா?" என் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னாலும் தினமும் இறுகியிருக்கும், தெரிந்ததில்லை. தெரிந்ததும் ஒரு மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சு நேரம் இருந்ததால் வழக்கமான பதில் வரவில்லை. "எந்த மாட்டுக்குங்க அத்தை கறவைக்காரன்?" என்று கேட்டேன். அத்தை முகம் அப்படியே மாறியது. செவலை மாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அது யாரையும் மடியில் கை வைக்க விடாதாம், கறவைக்காரனுக்கும் அத்தைக்கும் மட்டும்தான் பால் விடுமாம். அந்தப் பாலை விற்றுத்தான் எங்கள் வீட்டுக்காரரை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தாராம். 35 வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்கே தெரியாது.

அதற்குப் பிறகும் கேள்வி நிற்கவில்லை. அத்தையின் நோயைத் தியானம் குணப்படுத்தவில்லை, என் மூட்டுவலியையும் குணப்படுத்தவில்லை. கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைத்த பலன் என்ன என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் நடந்தது. இதைப் படிக்கும் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் அது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்து, அத்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆகிறது, ராத்திரி எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது என்று தாளில் எழுதிக் காட்டினேன். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். அழுதுகொண்டு கேட்டிருந்தால் சமாதானம் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். கணக்காகக் கேட்டதால் கணக்காகவே முடிந்தது. வருடத்தில் இரண்டிரண்டு மாதம் அவர்கள் வீட்டில். எங்கள் வீட்டில் இருக்கும்போது பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு பெண் உதவிக்கு வருவார், அவர் சம்பளம் மூன்று பங்கு. என் தூக்கம் திரும்பியதற்கு இதுதான் பெரிய காரணம். குரல் நடுங்காமல் கேட்க முடிந்ததற்கு வேண்டுமானால் தியானத்துக்குப் பங்கு கொடுக்கலாம். போன வருடம் மாசியில் அத்தை காலமாகும் வரை அந்த ஏற்பாடு குலையவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ராத்திரி பதினோரு மணி வரை ஆளை உட்கார வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை தியான வகுப்பு நடத்தும் கம்பெனிகளும் இருக்கின்றன. வேலை அதிகம் என்றால் வேலையைக் குறைப்பதுதான் மருந்து. பாரம் ஒருத்தர் தலையில் என்றால் இன்னும் இரண்டு தலை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டால் பாரம் இறங்காது.

டாக்டர்களும் இதை ஆராயாமல் இல்லை. ஹார்வர்டில் ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களின் மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து, அவை நிதானப்படுவதைக் கண்டு 1975ல் புத்தகமே எழுதினார். ஜான் கபாட்-ஸின் 1979ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலி உள்ளவர்களுக்காகப் பயிற்சி தொடங்கினார். 2014ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மொத்தம் 3,515 பேரிடம் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பதட்டம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றார்கள். பெரிய ஆரவாரம் இல்லாத முடிவு. என் அனுபவத்தோடு ஒத்துப் போகிறது. இப்போது என் பிரஷர் 132/84. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, தியானத்துக்கு எவ்வளவு என்று மார்க் பிரிக்க நான் தயாரில்லை.

சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய துக்கம் மேலே வரும், படபடப்பு கூடும். அப்படி ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். எழுந்து நடங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் அந்த நிமிடமே 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நான் செய்வதைச் சொல்லி விடுகிறேன். விடிகாலை, காப்பிக்கு முன்னால். சம்மணம் போட மூட்டு இடம் கொடுக்காது, அதனால் நாற்காலி. போன் அடுத்த அறையில். இரண்டு நிமிடம் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்ப்பேன், இழுத்துப் பிடிப்பதில்லை. பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தவம். தலை கனத்தால் அன்றைக்குச் சாந்தித் தவம். மன்றத்தில் கற்றுக்கொண்டதால் எனக்கு இது. நீங்கள் விபாசனா போகலாம், ஜெபமாலை உருட்டலாம். என் மாணவி ஒருத்தி காலைத் தொழுகை முடிந்ததும் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பாளாம், அதுவும் சரிதான். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிற இடத்துக்கு மட்டும் யோசித்துப் போங்கள்.

மூன்று பேருக்கும் வீட்டுப்பாடம் உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, பிரஷர், தூங்கிய மணி நேரம், உட்கார்ந்த நிமிடம் என்று நாலு கட்டம் போடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் காட்டி, தியானம் செய்வதையும் அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றி அவர் முடிவு செய்யட்டும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள், பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

வாழ்க வளமுடன்.