பாதிப் பீங்கான்

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கல்முனைக்குடி வீட்டினுட் புகுந்து வெளியேறிய பின்னர், மணலைக் கிளறிய உம்மாவின் கையில் அகப்பட்டது ஒரு பீங்கானின் பாதி. வெள்ளைமீது நீலப்பூ. அஃது உம்மும்மாவின் காலத்துப் பீங்கான். வீடும் வீட்டுச் சாமான்களும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது எங்கள் கரையோர ஊர்களின் வழக்கம். அவ்வழியே உம்மாவிடம் வந்தது. பெருநாளன்று மட்டுமே அலுமாரியிலிருந்து இறங்கும். எங்கே செய்யப்பட்டது என்பதைக் கூறும் முத்திரை, கடல் கொண்ட மறுபாதியோடு போய்விட்டது.

உடைந்த சில்லை எதற்காகப் பழஞ்சேலையிற் சுற்றி வைத்திருக்கிறார் என்று நான் மனத்துக்குட் சலித்துக்கொண்டதுண்டு. பின்னர் அதன் வமிசத்தை ஆராயப் புகுந்தேன்.

'பீங்கான்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்றா நகரத்துக் குயவர்கள் சீனத்து வெள்ளைப் பாண்டங்களைக் கண்டு வியந்தனர். அத்தகைய வெண்களிமண் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகவே தமது மங்கிய மஞ்சள் மண்மீது வெள்ளீயம் கலந்த கண்ணாடி மெருகைப் பூசி வெண்மையை வருவித்து, அதன்மேல் நீலத்தால் எழுதினர். இல்லாமையிற் பிறந்த கலை! சீனப் பாண்டத் துண்டுகளும் மேற்காசியப் பாண்டத் துண்டுகளும் நம் மன்னாரையடுத்த மாந்தையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

அந்த மெருகு வட ஆபிரிக்கா வழியாக, முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினை அடைந்தது. மெருகிட்ட சுவரோட்டுக்கு அங்கே இன்றும் 'அசுலேஹோ' என்றே பெயர். 'அஸ்-சுலைஜ்' என்ற அறபுச் சொல்லின் மரூஉ அது. ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டில் அக்கலையை மெக்சிக்கோவின் புவெப்லா நகருக்குக் கொண்டு சென்றனர். தாய்க்கலையையும் சேய்க்கலையையும் ஒருசேர 2019இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. எல்லை கடந்து அமெரிக்காவிற் குடியேறிய மெக்சிக்கரின் வழித்தோன்றல்களும் அவ்வோடுகளால் அடுக்களைச் சுவரை அழகு செய்கின்றனர். அவர்களுட் கலைஞராயினோர் தம் குடும்பக் கதையையே களிமண்ணில் வடிக்கின்றனர்.

இதையெல்லாம் ராத்தாவின் மகளிடம் சொன்னேன். பாடசாலைக் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்டதோ தயிர்ச்சட்டி! எருமைத் தயிர் தீர்ந்தபின் நம் வீடுகளில் மூலைக்கு மூலை கிடக்கும் அதே சட்டிதான். விளிம்பைச் சுற்றி மருதமுனைச் சாரத்தின் கோடுகள். நடுவே உம்மும்மாவின் நீலப்பூ, முழுமையாக.

மெருகேற்றாத சட்டியிற் பூசிய வர்ணம் ஒரு கழுவலுக்கும் தாங்காதே என்று குறை கூறினேன். (புதிதாகக் கற்றதைக் காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு.)

"கழுவவா மாமா கீறினேன்?" என்றாள்.

உம்மா சட்டியைக் கையில் வாங்கினார். சேலைத்துண்டை அவிழ்த்துப் பாதிப் பீங்கானை அதன் பக்கத்தில் வைத்தார். அதில் எஞ்சியிருப்பவை மூன்று இதழ்களே. பெருநாள்தோறும் அதில் உண்ட நான் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

"புள்ள, ஆறு கீறியிருக்காய். அஞ்சுதான்" என்றார் உம்மா.

அவள் தூரிகையைத் தேடி உள்ளே ஓடினாள்.