மாமா கேட்ட நிறம்

உங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறதா, சகோதரி? நின்றால் ஒரு நிமிஷம் குனிந்து அதன் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். கதவுகளுக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிற தகட்டைத்தான் சொல்கிறேன். நாம் அங்கே பார்ப்பதே இல்லை. கண்ணாடி பளபளக்கிறதா, ஸீட் உறை அழுக்காகாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவோம். அதோடு சரி.

எங்கள் குடும்பத்திலோ, அந்தக் கீழ்த் தகட்டைப் பற்றி 35 வருஷம் வழக்கு நடந்தது. வாதி என் மாமனார். பிரதிவாதி என் மாமியார்.

மாமா கார் வாங்கியது 1986-ல். அந்தக் காலத்தில் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1983 கடைசியில் மாருதி வந்து நிலைமை மாறத் தொடங்கியது வாஸ்தவம். ஆனாலும் வரிசை வரிசைதான். எங்கள் வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். மாமா கேட்டது முழுக்க முழுக்க கிரீம் நிறம். வந்ததோ, மேலே கிரீம், கீழே ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் பழுப்பு. தொழிற்சாலையிலேயே அடித்து அனுப்பியிருந்தார்கள். விற்றவர்களைக் கேட்டால், "இப்படித்தான் வந்திருக்கிறது. வேண்டாமென்றால் மறுபடி வரிசையில் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

மாமா நிற்கவில்லை. வண்டியை எடுத்து வந்துவிட்டார். ஆனால் மனசு ஆறவில்லை.

"வெள்ளை வேட்டிக்கு மேல யாராச்சும் பழுப்புத் துண்டைச் சுத்திக்குவாங்களா?" என்பார்.

"கரையில்லாத சீலையும் ஒரு சீலைங்களா? எனக்கு இதுதான் புடிச்சிருக்குது" என்பார் அத்தை.

எனக்குக் கல்யாணமாகி காந்திபுரத்துக்கு வந்த முதல் வாரமே இந்த வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்! புது மருமகள் எந்தக் கட்சியில் சேருவாள்? ஹென்ரி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம்முடைய மாடல் டி காரைக் கறுப்பு ஒன்றிலேதான் செய்து விற்றார் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொல்லி, "நமக்கு ரெண்டு கலராவது கிடைச்சுதுங்களே, மாமா" என்று சமாளித்தேன். இருவருமே சிரித்துவிட்டார்கள்.

மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. வண்டி போர்ட்டிகோவில் நின்றது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அந்தக் கெடு நெருங்கியதும், "வித்துப்போடலாமா?" என்று என் வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி பால் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விக்கறதுன்னா வித்துக்குங்க, கண்ணு. அதுக்கு முந்தி, அவரு கேட்ட கலருல ஒருக்கா பார்த்துப்போடோணும்."

அத்தைக்கு வயது 82. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

கோயமுத்தூரில் மோட்டார் ஆசாமிகளுக்குப் பஞ்சமில்லை. 1920-லேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஜி.டி. நாயுடு பஸ் விட்ட பூமி இது. பஞ்சமெல்லாம் பொறுமைக்குத்தான். முதலில் வந்த பெயிண்டர், "மெஷினை வெச்சு ஒரே தேய்ப்பு, மேல புதுப் பெயிண்டு. ரெண்டே நாளுங்க" என்றார். வாசலிலேயே செய்வாராம். அங்கேதான் என் பேரன் தவழ்ந்து விளையாடுகிறான். மாடியில் வடகம் காய்கிறது. அந்தத் தூசு எங்கே போகும் என்று கேட்டேன். "காத்துல போயிருமுங்க" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய கார் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சளும் கிரீமும் சேர்ந்த சாயைகளில், ஈயம் கலந்த நிறமிகள் உபயோகப்பட்டன. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால்தான் 2016-ல் நம் நாட்டில் விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். அந்த விதி வீட்டுப் பெயிண்டுக்கு. 1986-ல் அடித்த கார் பெயிண்டுக்கு எந்த விதி காவல்? நாம்தான் காவல்.

இரண்டாவதாக, சத்தி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் உடனே விலை சொல்லவில்லை. கதவைத் திறந்து, வெளியே தெரியாத ஓர் ஓரத்தில், தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிஷம் வைத்து எடுத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"பாருங்கம்மா, கரையலே. அப்படின்னா இது பின்னாடி ஆரோ அடிச்சதில்லீங்க. கம்பெனியிலயே அடுப்புல வெச்சுச் சுட்டது."

அப்போதுதான் எனக்குச் சங்கதி விளங்கிற்று. தொழிற்சாலையில் பெயிண்டை அடித்துவிட்டு, வண்டியின் உடம்பையே சூடான அறைக்குள் அனுப்பிச் சுடுகிறார்கள். இட்லி மாவும் வெந்த இட்லியும் ஒன்றாகுமா? வெந்த பெயிண்டு தின்னருக்கு அசையாது. பெயிண்டைக் கரைக்கும் கடும் மருந்துகள் இருக்கின்றன; ஆனால் அவை பழுப்பை மட்டும் பார்த்து எடுக்காது, கிரீமையும் சேர்த்துத் தின்றுவிடும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும்.

அடுத்த கேள்வி, பழுப்புக்கு அடியில் கிரீம் இருக்கிறதா? பெரியவர் அதே ஓரத்தில் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தார். பழுப்பு மெலிந்தது, அதன் நடுவே நாலணா அகலத்துக்குக் கிரீம் தெரிந்தது! வண்டி முழுக்க முதலில் கிரீம் அடித்துச் சுட்டு, அதன் மேல்தான் பழுப்பு அடித்திருந்தார்கள். மாமா கேட்ட நிறம் இத்தனை வருஷமாக அடியிலேயே இருந்திருக்கிறது!

வேலை பதினைந்து நாள் நடந்தது. 800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 1500, 2000 என்று போக வேண்டும். நம்பர் ஏற ஏற நைஸ். பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும்; வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். ஒரு பூச்சின் கனம் ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. கொஞ்சம் அழுத்தினால் கிரீமும் போய்விடும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்டு மெல்லிசாக இருக்குமாம்; அங்கே முதலில் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையால் எடுத்தார். எல்லாம் ஈரத்திலேயே நடந்ததால் தூசு பறக்கவில்லை. அந்தப் பழுப்புக் குழம்பைச் சாக்கடையில் விடாமல் வாளியில் தெளிய வைத்து, கசடைத் தனியாகக் கட்டி வைத்தார். கடைசியில் ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும். நான்கு கதவுகளும் பால்கோவா மாதிரி வந்தன.

ஆனால் முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த தகட்டில் அவர் கை நின்றது. அங்கே பழுப்பு தடிமனாக, ரப்பர் மாதிரி இருந்தது. ஓரிடத்தில் அப்பளம் போல உப்பியிருந்தது. ஹீட் கன்னால் சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் நெம்பினார். அடியில் கிரீம் இல்லை, துரு! விரலால் அழுத்தினார்; விரல் உள்ளே போய்விட்டது.

மாமா வருஷா வருஷம் எங்களைத் திருச்செந்தூருக்கு அழைத்துப் போவார். கடற்கரையை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு முருகனைப் பார்க்கப் போவோம். உப்புக் காற்றும் ஈர மணலும் எங்கோ ஒரு கீறல் வழியாக உள்ளே போய்த் தங்கியிருக்கின்றன.

"இந்தத் தடிப் பூச்சு அழகுக்கு அடிச்சதில்லீங்கம்மா" என்றார் பெரியவர். "சக்கரம் வாரி அடிக்கிற கல்லு தகட்டுல படாம தாங்கறதுக்கு. தாங்குன வரைக்கும் தாங்கிருக்குது. ஆனா வெடிச்சா, தண்ணியை வெளிய உடாம உள்ளயே வெச்சுக்கும். வருஷத்துக்கு ஒருக்கா குனிஞ்சு பார்த்திருந்தா இது ஓட்டை ஆயிருக்காதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. 35 வருஷம் அதன் நிறத்தைப் பற்றிப் பேசினோம். எதற்காக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, பிரைமர் அடித்தார்கள். அதன் மேல் கல்லடி தாங்கும் பூச்சு. அதற்கும் மேல் கிரீம். காவலும் ஆயிற்று, மாமா கேட்ட நிறமும் ஆயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் என்ன நிறம் எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டுமே! அதில் 'கிரீம்' என்று மட்டுமே இருந்தது. பழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டமும் மாமா கட்சிதான்!

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், அத்தையைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தேன். சுற்றி வந்து பார்த்தார். தகட்டைத் தடவினார். வெகு நேரம் பேசவில்லை. எனக்குத் தொண்டையை அடைத்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "ஆனா அவரு இருந்து பார்த்திருந்தா, கீழ கொஞ்சம் பழுப்பு இருந்தா எடுப்பா இருக்கும்னு சொல்லியிருப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். பின் கதவைத் திறந்து உட்காரப் போனவர், விளிம்பைக் காட்டி, "இதென்ன கண்ணு, இங்க மட்டும் உட்டுப்போட்டாங்க?" என்றார். கதவின் உள்விளிம்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு அப்படியே இருந்தது. பெரியவர் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

"நாளைக்கே எடுத்துடச் சொல்றேனுங்க, அத்தை."

"வேண்டாம், உடு. அதை வெச்சுத்தானே இத்தனை வருஷம் எங்கூட வழக்காடுனாரு."

வண்டியை நாங்கள் விற்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அத்தையை மருதமலைக்கு அழைத்துப் போகிறோம். திரும்பி வந்ததும், சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, குனிந்து பார்க்கிறேன். நீங்களும் ஒரு தடவை குனிந்து பாருங்கள், சகோதரி. நிறம் பிடிக்கவில்லையென்றால் பிறகு யோசித்துக்கொள்ளலாம். எங்கேயாவது உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.